அந்தப் பிள்ளைக்கு நான் காட்டின கடல்வழி

விசரன் எண்டு என்னைத்தான் சொல்லவேணும். ஆமி உடுப்புப் போட்டவன் ஆர் வந்து கேட்டாலும் வாய் திறக்காத ஊர் எங்கடை. நோட்டுப் புத்தகமும் கையுமாய், தமிழ் கதைச்சுக்கொண்டு ஒரு பிள்ளை வந்தவுடனை நான் எல்லாத்தையும் கொட்டிப்போட்டன்.

எங்கடை வடமராட்சிக் கரையிலை நினைச்ச இடத்தாலை கடலுக்கு இறங்கேலாது. தண்ணிக்குக் கீழை முருகைக் கல்லுப் பார், பவளப்பாறைத் திட்டு, குறுக்காலை நிக்குது. வள்ளம் போய்வர ஒரேயொரு ஒடுக்கமான வழிதான் இருக்கு, அதைத்தான் வான் எண்டுறம். கோயில் கோபுரத்தையும் பள்ளிக்கூடத் தண்ணித் தாங்கியையும் ஒரே நேர்கோட்டிலை பிடிச்சால்தான் உள்ளுக்கு வரலாம். கொஞ்சம் பிசகினாலும் வள்ளம் பிளந்துபோகும். வெளியாருக்கு அதைக் காட்டுறேல்லை. சண்டைக் காலத்திலை அந்த வானாலை வெளிக்கிட்டுத்தான் எங்கடை சனம் உயிர் தப்பினது.

அந்தப் பிள்ளை வந்தது காலநிலை மாற்றத் திட்டத்துக்கு. கடல் வருசா வருசம் ஏறி வருதெல்லே. கரையோர வீடுகளுக்குள்ளை உப்புத்தண்ணி, என்ரை கிணறும் உவராய்ப் போச்சு. கரை நீளத்துக்குக் கல்லணை போடப் போகினம் எண்டு அவ சொன்னா. கடற்றொழிலாளர் சங்கத்திலை கூடிக் கதைச்சம். கடல் ஏறுற இடங்களைக் காட்டுவம், வானைப் பற்றி மூச்சும் விடக்கூடாது எண்டு முடிவு. சங்கச் செயலாளர் நான்.

அடுத்த கிழமை அவ வீட்டை வந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு சொன்னா, "அண்ணை, உங்கடை வள்ளங்கள் எதாலை போகுது எண்டு தெரியாட்டில் அதுக்கு மேலையும் கல்லுக் கொட்டிப்போடுவினம். காட்டினால் அந்த இடத்தை விட்டுப்போட்டுக் கட்டலாம்."

ஞாயமாய்த்தானே கிடந்தது! "வேறை ஒருத்தற்றை கைக்கும் போகாதே, பிள்ளை?"

"சத்தியமாய் இல்லையண்ணை."

விடியக்காலமை ஒருத்தருக்கும் சொல்லாமல் வள்ளத்திலை ஏத்திக்கொண்டு போய்க் காட்டினன்.

அணை வந்தது. பொய் சொல்லக்கூடாது, வீடுகளுக்குள்ளை கடல் வாறது நிண்டுபோச்சு. வானுக்கு நேரே இடைவெளியும் விட்டவை. நானும் நெஞ்சை நிமித்திக்கொண்டு திரிஞ்சன்.

போன வருசம் அரசாங்கக் கந்தோரிலை கூட்டம் எண்டு கூப்பிட்டினம். முன்னுக்கு உடுப்புப் போட்ட பெரியவர் ஒருத்தர், பக்கத்திலை அந்தப் பிள்ளை. அவர் சிங்களத்திலை சொன்னதை அவ தமிழிலை சொன்னா. கடல் ஏற ஏறச் சனம் இடம்பெயருமாம். போக்கிடம் இல்லாட்டில் களவாய் வள்ளமேறி வெளிநாடு போகுமாம். ஆனபடியால் இது நாட்டின்ரை பாதுகாப்புப் பிரச்சினையாம். இடைவெளியை மூடப் போகினமாம், வள்ளங்களை ஆறு மைல் தள்ளி ஆமி முகாமடி இறங்குதுறைக்குக் கொண்டுபோகட்டாம்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. காப்பாத்த எண்டு வந்தவை எங்களையே கள்ளரெண்டு எழுதி வைச்சிருக்கினம்! திரையிலை எங்கடை வான் சிவப்புக் கோடாய்க் கிடக்குது, கோபுரமும் தண்ணித் தாங்கியும் குறிச்சபடி. என்னை ஏமாத்திப் பேய்க்காட்டிப் போட்டாள், பாவி.

பக்கத்திலை இருந்த என்ரை தம்பி எழும்பினான். அவன்ரை சின்ன வள்ளத்துக்கு அந்த வானை விட்டால் தொழிலில்லை. "எங்கடை வானை உங்களுக்கு ஆர் காட்டினது?" எண்டு கத்தினான்.

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தா. பிறகு குனிஞ்சு கடுதாசியைப் பார்த்தா.

தம்பி என்ரை தோளிலை தட்டினான். "அண்ணை, நீங்கள் செயலாளரெல்லே, நீங்கள் கேளுங்கோ!"

நான் எழும்பினன். சபை முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருக்க, "சொல்லுங்கோ பிள்ளை, ஆர் காட்டினது?" எண்டு நானே கேட்டன்.