தோள் தானாகத் திரும்பியது

பீளமேட்டில் ஒரு பம்பு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை என் வேலை. உதிரி பாகம் எது வந்தாலும் அதில் கோளாறு இருக்கிறது என்று நினைத்துத்தான் கையில் எடுப்பேன். ஐம்பதைத் தொட்ட பிறகு டென்னிஸ் கற்றுக்கொள்ளப் போனபோதும் அந்தப் புத்தி கூடவே வந்தது.

கோச் முப்பதைத் தாண்டாத பெண். நான் இடுப்பும் தோளும் அசையாமல் வெறும் கையால் பந்தை அடிக்கிறேன், முழங்கை வலி அதனால்தான் என்றாள்.

"பந்து எதிராளி பேட்டை விட்டுக் கெளம்புனதுமே தோளு திரும்பிரோணுங்க சார். அடிக்கறது அப்புறந்தானுங்க."

வாரக்கணக்கில் பந்தே கொடுக்காமல் நின்ற இடத்தில் திரும்ப வைத்தாள். பந்து தேயாமல் இருக்க இப்படி ஒரு வழியா என்று எனக்குத் தோன்றியது. வீட்டில் சொன்னேன்.

"ஏனுங்க, நீங்க யாரைத்தான் நம்பியிருக்கீங்க?" என்றாள் மனைவி.

பந்து கொடுத்த பிறகும் உடம்பு திரும்பவில்லை. தோளை நினைப்பதற்குள் பந்து வந்துவிடும். அவசரத்தில் கையை வீசுவேன்; பந்து நெட்டில் விழும்.

என்னோடு ஆடியவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், அதிகம் பேசாதவர். ஒருநாள் காலை அவர் பந்தை அடித்துக்கொண்டே, "இன்னைக்கு உங்க ஊட்டுல என்ன டிபனுங்க?" என்று சத்தமாகக் கேட்டார்.

"சந்தகைங்க."

"தொட்டுக்க?"

"தேங்காப் பாலுங்க."

அடுத்த நாள் அவிநாசி ரோட்டு நெரிசலைப் பற்றிக் கேட்டார். மரியாதைக்குப் பதில் சொல்லிக்கொண்டே ஆடினேன். என் கவனத்தைக் கலைத்து ஜெயிக்கப் பார்க்கிறார் என்று முடிவு செய்தேன். பிறகு ஒரு நாள், அவரும் கோச்சும் வேலியோரம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"என்னைப் பத்தித்தானுங்களே பேசுனீங்க?"

அவர் கோச்சின் முகத்தைப் பார்த்தார்.

"ஆமாங்க சார்" என்றாள் அவள். "பேச்சுக் குடுக்கச் சொன்னதே நாந்தானுங்க. பதில் சொல்லிட்டு இருக்கறப்ப உங்க தோளு தானாத் திரும்புதுங்க. திரும்போணும்னு நெனைச்சீங்கன்னாத்தான் நின்னுபோகுது. சொன்னா மறுபடி கவனிக்க ஆரம்பிச்சுருவீங்கன்னு மறைச்சுப்போட்டேன்."

நான் நம்பவில்லை. அவரைப் பேசாமல் ஆடச் சொன்னேன். முதல் பந்து நெட்டில் விழுந்தது. அடுத்ததும் அங்கேயே.

"செரி, பேசுங்க" என்றேன்.

பந்தை அனுப்பிவிட்டு அவர் கேட்டார்: "புள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கறீங்களாமா?"

"அத யாருங்க உங்களுக்குச் சொன்னது?"

நான் கேட்டு முடிப்பதற்குள் பந்து அவரைக் கடந்து மூலைக்கோட்டருகே விழுந்து ஓடியிருந்தது. கை வலிக்கவே இல்லை. குனிந்து பார்த்தால் என் இடுப்பு முழுவதும் சுழன்று, வலது குதிகால் தரையை விட்டு எழும்பியிருந்தது. கோச் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மழைக்காலம் முடிவதற்குள் யாரும் பேச்சுக் கொடுக்காமலே உடம்பு திரும்பப் பழகிவிட்டது. முழங்கை வலியும் போய்விட்டது. மாப்பிள்ளை விஷயத்தை அவரிடம் யார் சொன்னார்கள் என்பது மட்டும் இன்றுவரை தெரியவில்லை. "நானில்லைங்க" என்கிறாள் மனைவி.