நகராத புள்ளி

ஞாயிறு மதியம் நடந்தவை, வரிசையாக:

1. அருவங்காட்டில் ஒரு ஹாலில் படம் போட்டார்கள். மீன்பிடித் தொழில் படுத்துப்போய், ஏஜென்ட் மூலம் வெளிநாட்டுச் சரக்குக் கப்பலுக்குப் போன கடற்கரை ஆட்களின் கதை. முதலாளி கைவிட்ட கப்பல், துறைமுகத்துக்கு வெளியே மாதக்கணக்கில் நிற்கிறது.

2. பக்கத்து நாற்காலியில் ஸ்டெல்லா அக்கா. நான் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் டீ ஃபேக்டரியில் பேக்கிங் வேலை. (பெயரை மாற்றியிருக்கிறேன்.) அவர் கணவரும் இப்படித்தான் மீன்பிடியை விட்டு ஒரு சரக்குக் கப்பலுக்குப் போனவர்.

3. "எங்க ஊட்டுக்காரரு கப்பல் ஓடிட்டேதாங்க இருக்குது" என்றார் அக்கா.

4. நான் சும்மா இருந்திருக்கலாம். கப்பல் இருக்குமிடம் காட்டும் ஆப் ஒன்று உண்டு என்றேன்.

அவர் கணவரின் கப்பல் பெயரைத் தட்டினோம். கடலில் ஒரு புள்ளி. இருபத்திரண்டு நாளாக அதே இடம்.

"பழசைக் காட்டுதோ என்னமோங்க, மேடம்."

கடைசித் தகவல் வந்து நாற்பது நிமிடம்தான் ஆகியிருந்தது. நான் சொல்லவில்லை. ஃபேக்டரியில் முள் துடிக்கும் மீட்டரைக் கண்டு நான் பயப்படுவதில்லை. அசையாமல் நிற்கும் முள்ளுக்குத்தான் பயம். உங்களுக்கு எப்படி?

வெளியே வந்ததும், தினமும் போல, அக்காவின் கணவரிடமிருந்து போன். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"எங்க இருக்கீங்க?"

"நடுக்கடல்ல. போய்க்கிட்டே இருக்கோம் புள்ள. இன்னைக்குத் தூண்டில்ல பெரிய பாறை மீன் ஒண்ணு... பயலுவ எல்லாருக்கும் கொழம்பு."

"உங்களுக்கு மாட்டாம வேற யாருக்கு மாட்டும்? பாத்து இருங்க."

போனை வைத்த பிறகு, அக்கா மெதுவாக: "ஓடற கப்பல்ல தூண்டில் நிக்காதுங்க, மேடம். கப்பல்ல சாப்பாடு இருந்தா இவரு எதுக்குங்க தூண்டில் போடறாரு?"

மீனவரால் பொய் சொல்ல முடிந்தது. பிடித்த மீனை மறைக்க முடியவில்லை.

"அவருகிட்டக் கேட்கலையாங்க்கா?"

"எனக்குத் தெரிஞ்சுருச்சுன்னு தெரிஞ்சா போனே பண்ண மாட்டாருங்க."

கப்பல் ஊழியர்களுக்கான அலுவலகத்துக்குப் புகார் எழுத உட்கார்ந்தோம். படிவத்தில் கணவரின் பெயர் கேட்டது. போட்டால், கப்பல் அதிகாரிகள் அவரை என்ன செய்வார்கள்? போடாவிட்டால், புகாரை யார் எடுப்பார்கள்? என் கை கீபோர்டிலேயே நின்றது.

"போடுங்க" என்றார் அக்கா.

திங்கள் காலை அனுப்பினேன். இன்று வியாழன். ரசீது எண் வந்திருக்கிறது... பதில் இல்லை.

நேற்று அக்காவின் கணவரிடமிருந்து போன் வரவில்லை.