பாட்டை எடுத்துவிட்ட ஓபரா

எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவை நடத்திய மாஸ்டருக்குத் தாம் பெரிய மேதை என்ற நினைப்பு. கடல் ராணி ஒருத்தியைப் பற்றி, முழுக்கப் பாட்டாகவே நடக்கும் ஓபரா ஒன்றை எழுதினார். பினாங்கில் எந்தக் கொட்டகைக்காரரும் அதை மேடையேற்றச் சம்மதிக்கவில்லை. உடனே வார்த்தைகளை நீக்கி, வாத்தியங்களுக்கு மட்டும் மாற்றி, சிம்பொனி என்று பெயர் சூட்டிவிட்டார்.

ராணியாகப் பாட மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவள் என் அக்கா. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவள் பாட்டைக் கார்னெட் என்ற பித்தளைக் குழலை ஊதுகிறவனுக்குக் கொடுத்துவிட்டார். பிடில் வாசித்த நான்தான் அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"அப்படியா? நானும் கேக்க வரேன்லா," என்றாள்.

கச்சேரியன்று டத்தோ கிராமாட் மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தாள். கார்னெட் அவள் பாட்டைத் தொடங்கியதும் எழுந்து நின்று பாடினாள். கார்னெட்காரன் ஊதுவதை நிறுத்திவிட்டான். நாங்கள் அவள் குரலோடு போனோம். எங்களை நடத்த வேண்டிய மாஸ்டர் முன்னால் நின்று கையை வீசிக்கொண்டே இருந்தார். அவரை யாரும் பார்க்கவில்லை. அதுவரை கொட்டாவி விட்ட கூட்டம் எழுந்து கைதட்டியது.

அந்தக் கைதட்டலை மாஸ்டர் வெட்கமில்லாமல் குனிந்து வாங்கிக்கொண்டார். வாசலில் நின்று எல்லோரிடமும், "ஆளுங்க நடுவுலேருந்து குரல் வரணும், அது என்னோட ஐடியாலா," என்றார்.

அக்கா காதில் அது விழுந்தது. "அப்போ அடுத்த தடவை நீங்களே பாடுங்க மாஸ்டர்," என்று சொல்லிவிட்டு ரிக்‌ஷாவில் ஏறினாள்.

பக்கத்தில் நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். மேதை மண்டபத்துக்குள் திரும்பிப் போய்விட்டார்.