முன்னோருக்கு வைத்த மரவள்ளி

ஜப்பான்காரன் காலத்தில் வந்த இரண்டாவது போகியன்று என் உயிர் ஒரு கதவுக்கு முன்னால் நின்றது. என் உயிர் மட்டும் என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்கமாட்டேன். அது அவ்வளவு பெரிய விஷயமில்லை. கதவுக்கு உள்ளே இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். மாரியம்மன்மேல் பாரத்தைப் போட்டு வாழ்கிற உங்களிடம் இதைச் சொல்லாமல் போனால் நான் நன்றிகெட்டவன்.

அப்போது மலாக்கா டவுனில் காஜா பேராங்கில், தலைமுறை தலைமுறையாக அங்கேயே வேரூன்றிய மலாக்கா செட்டிகள் வாழும் தெருவில், ஒரு வீட்டின் பின்னறையில் குடியிருந்தேன். நாற்பத்தைந்து வயது. கல்யாணம் ஆகவில்லை. இங்கிலீஷ் பள்ளிக்கூட வாத்தியார், பள்ளிக்கூடம்தான் இல்லை. ஜப்பான்காரன் கண்ணில் படக்கூடாது என்று என் புத்தகங்களைக் கொல்லையில் புதைத்திருந்தேன். கடவுள் உண்டு என்றவையும் இல்லை என்றவையும் ஒரே குழியில். கரையான் பேதம் பார்க்கவில்லை.

வீட்டுக்காரி பாக்கியம், செட்டிக் குடும்பத்து விதவை. நான் அவரை மலாயில் அத்தையைக் கூப்பிடுவதுபோல மக்சிக் என்பேன். அவர் என்னை வாத்தியார் என்ற பொருளில் சிக்கு என்பார். அவர்கள் வீட்டுப் பேச்சே மலாய்தான். அவர் சொன்னதையெல்லாம் தமிழில் எழுதுகிறேன். காரம் கொஞ்சம் குறையும்.

போகிக்கு முந்தின வாரம், பக்கத்து வீட்டு ராமையாவையும் அவர் மனைவியையும் ராணுவப் போலீஸ் லாரியில் ஏற்றிக்கொண்டு போனது. ரேடியோ ஒளித்துவைத்திருப்பதாக யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். தெருவில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. என் ஜன்னல் முதலில்.

மறுநாள் காலை முட்டை தேடிக் கோழிக்கூட்டுக்குள் கையை விட்டேன். ஒரு சின்னக் கை என் விரலைப் பிடித்தது. நான் போட்ட கூச்சல் எந்த ஆண்பிள்ளைக்கும் அழகில்லை.

உள்ளே ராமையாவின் பெண்கள். கமலாவுக்கு ஏழு வயது, செல்லத்துக்கு மூன்று. கோழிகள் ஒதுங்கி இடம் விட்டிருந்தன. அந்தப் பிள்ளைகளுக்கு எங்கள் தெருவில் முதலில் இடம் கொடுத்தது அவைதான்.

"கோழிக்கு இருக்கிற தைரியம் உனக்கு இல்லையா, சிக்கு?" என்றார் மக்சிக்.

"கோழியை யாரும் விசாரணைக்குக் கூப்பிடமாட்டார்கள், மக்சிக்."

"கூப்பிடுவாங்க. குழம்புக்கு."

பிள்ளைகளை வீட்டுக்குள் எடுத்தோம். செல்லம் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. போலீஸ் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருந்தது: ராமையாவின் பிள்ளைகள் எங்கே? எதற்குக் கேட்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அடித்தும் வாய் திறக்காத தகப்பன், பிள்ளையை எதிரில் கொண்டுவந்து நிறுத்தினால் திறப்பான். சோறு போட்டவனுக்கும் அதே அடி.

பிள்ளைகளின் அத்தை புக்கிட் ரம்பாய் தோட்டத்தில் இருந்தாள். தெங்கேராவில் கடை வைத்திருந்த காதர் பாயிடம் ஒரு மாட்டுவண்டி இருந்தது. பயந்து பயந்து போய்க் கேட்டேன்.

"போகியன்னிக்குப் பொழுது சாயறப்ப வர்றேன் வாத்தியாரே. தேங்காய் மட்டைக்கு அடியில படுக்கவெச்சுக் கொண்டுபோயிடலாம். அதுவரைக்கும் நீங்க வாயைத் திறக்காம இருங்க. அல்லாஹ் பாத்துக்குவான்."

போகியன்று செட்டிகள் வீட்டில் முன்னோருக்குப் படைப்பார்கள். பார்ச்சு என்பது அவர்கள் சொல். உள்ளறையில் இலை போட்டு, சோறு கறி வைத்து, விளக்கேற்றி, சாம்பிராணி காட்டிக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பார்கள். செத்தவர்கள் வந்து சாப்பிடும் நேரம். அப்போது கதவைத் திறக்க அந்தத் தெருவில் பிறந்த யாருக்கும் கை வராது.

அந்த வருஷம் அரிசி ஏது? மக்சிக் இலைகளில் அவித்த மரவள்ளியை வைத்தார். "நெய்ச்சோறு இல்லை. கோவிச்சுக்காதீங்க. நீங்க இருந்திருந்தா நீங்களும் இதைத்தான் தின்னிருப்பீங்க" என்று முன்னோரிடம் சொன்னார். பிறகு சாமி மேஜைக்கு அடியில், தொங்கிய வெள்ளைத் துணிக்குப் பின்னால், பிள்ளைகளை உட்காரவைத்தார். கதவைச் சாத்தினார்.

"இதைவிடப் பத்திரமான இடம் மலாக்காவிலேயே இல்லை, சிக்கு."

நானும் தலையாட்டினேன். எங்கள் தெருவில் யாரும் திறக்காத கதவை ஜப்பான்காரனும் திறக்கமாட்டான் என்று நினைத்துக்கொண்டோம். அவன் எங்கள் தெருவில் பிறந்தவனில்லை; இத்தனை படித்தவனுக்கும் அது உறைக்கவில்லை.

வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. காதர் பாயின் வண்டி அல்ல.

ஒரு அதிகாரி, இரண்டு சிப்பாய்கள், டவுனில் பிடித்த ஒரு மொழிபெயர்ப்பாளன். அவனுக்கு என்னைத் தெரியும்.

"என்ன சிக்கு, இப்படி வேர்க்குது?"

"வெயில்."

"வெயில் இறங்கிப்போச்சே."

சிப்பாய்கள் என் அறையைக் கலைத்தார்கள். கோழிக்கூட்டைக் கவிழ்த்தார்கள். சாத்தியிருந்த கதவைப் பார்த்து அதிகாரி கையைக் காட்டினார்.

"முன்னோர் சாப்பிடறாங்க. இப்ப திறக்கக்கூடாது" என்றார் மக்சிக், ஏதோ விருந்தாளி முகம் கழுவப் போயிருப்பதுபோல.

நான் கண்ணை மூடினேன். படித்த ஒரு சுலோகமும் வரவில்லை. அம்மா, இந்தக் கதவைத் திறக்கவிடாதே. அவ்வளவுதான். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். வயிற்றிலிருந்து வந்தது.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வரிசையாக இலைகள். மேஜைக்குப் பக்கத்து இலையில் மரவள்ளித் துண்டு ஒன்று கடிபட்டிருந்தது. சின்னப் பல். செல்லத்துக்குப் பசி. வெள்ளைத் துணியின் ஓரம் லேசாக ஆடியது. காற்று இல்லை.

அதிகாரி இலையைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளன் குழம்பிப்போய்ச் சொன்னான்: "உங்க செத்துப்போனவங்கள்ல சின்னப் பிள்ளைங்களும் உண்டான்னு கேக்கறாரு."

மக்சிக் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னார்: "எந்த வீட்டுல இல்லை? உங்க வீட்டுல இல்லையா?"

அது அவர் மொழியில் போய்ச் சேர்ந்தது. அதிகாரி தொப்பியைக் கழற்றினார். இலைகளுக்கு முன் கை கூப்பித் தலை குனிந்தார். தன் கையாலேயே கதவைச் சாத்தினார். சிப்பாய்களுக்கு ஒரு சொல். போய்விட்டார்கள்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பொழுது சாய்ந்ததும் காதர் பாய் வந்தார். பிள்ளைகள் மட்டைக்கு அடியில் புக்கிட் ரம்பாய் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த அதிகாரி நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. பிறகு அதே ஆள் சந்தையில் ஒருவரை அடித்ததை என் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் சொல்கிறேன், அன்று நடந்தது அவர் செயலல்ல. கதவைத் திறக்கவிடாதே என்று கேட்டேன். அம்மன் கேட்கவில்லை. திறக்கவைத்து, திறந்தவன் கையாலேயே சாத்தவைத்தாள். எனக்குக் கேட்கத் தெரியவில்லை. அவளுக்குக் கொடுக்கத் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் கோழிக்கூடு சும்மா இருந்ததில்லை. அப்பன் ஆத்தாளைப் பிடித்துக்கொண்டு போன வீடுகளிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள், தங்கினார்கள், வண்டியேறிப் போனார்கள். ஒவ்வொரு முறையும் நடுங்கினேன். ஒவ்வொரு முறையும் கும்பிட்டேன். நடுக்கம் இன்றுவரை போகவில்லை, கும்பிடும் நின்றபாடில்லை.

ஜப்பான்காரன் போனபின் கமலா, செல்லத்தின் தாய் திரும்பி வந்தாள். ராமையா வரவில்லை. அவருக்காகவும் வேண்டியிருந்தேன். ஏன் கிடைக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவன்போல எழுதவும் மாட்டேன். இப்போது போகிக்கு மக்சிக் வீட்டில் அவருக்கும் ஒரு இலை உண்டு. நெய்ச்சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு மரவள்ளி. செல்லம் அதை ஒரு கடி கடித்துவிட்டுத்தான் வைப்பாள். மக்சிக் திட்டுவதில்லை.

உங்கள் தெருவிலும் பெற்றவர்களைப் பிடித்துக்கொண்டு போன வீடு ஒன்று இருக்கும். கோழிக்கூட்டில் ஒரு தடவை கையை விட்டுப் பாருங்கள். பயமாகத்தான் இருக்கும். அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே நடங்கள். பயம் போன பிறகு போகலாம் என்று உட்காராதீர்கள். என் பயம் இன்னும் போகவில்லை, பிள்ளைகள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.