புளி இயந்திரமும் என் புகைப்படமும்

கள்ளக்குறிச்சியில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர், புளியிலிருந்து கொட்டை எடுக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். அது விற்பனைக்கு வராமல் போனதற்கு நான்தான் காரணம். உரிமச் சிக்கல், சட்டச் சிக்கல் என்று இதுநாள்வரை ஊரில் நான் சொல்லிவந்தது பொய். உண்மைக் காரணம் ஒரு ஃபிளெக்ஸ் பேனர்.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். பட்டறைக்காரருக்குக் கை கொடுக்க, புளி மண்டி வைத்திருக்கும் பாயும், தியாகதுருகத்தில் கரும்பு போடும் விவசாயி ஒருவரும், நானும் பணம் போட்டோம். ஒப்பந்தத்தை எழுதியவன் நான். இயந்திரம் நால்வருக்கும் பொது. நால்வரும் கையெழுத்திட்டால்தான் அதைத் தயாரிக்கும் உரிமத்தை வெளியாருக்குத் தரலாம். அந்த வரியை எழுதி முடித்தபோது எனக்கு ஒரு நீதிபதியின் மிடுக்கு வந்திருந்தது.

கல்வராயன் மலையில் கரியாலூரில்தான் இயந்திரத்தின் முதல் ஓட்டம். புளி தட்டும் பெண்கள் கட்டையைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். இயந்திரம் சதையை ஒரு பக்கமும் கொட்டையை ஒரு பக்கமும் துப்பியது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் பட்டறைக்காரர் கட்டியிருந்த பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பாயும் விவசாயியும் ஆளுயரத்தில் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். நான் அடிவரிசையில், பந்தல்காரருக்கும் மைக்செட்காரருக்கும் நடுவில், தபால்தலை அளவில் இருந்தேன்.

பிறகு சேலத்துக் கம்பெனி ஒன்று உரிமம் கேட்டு வந்தது. புளி சீசனுக்குள் கையெழுத்து வேண்டும் என்றார்கள். பட்டறைக்காரர் லேத்தை அடமானம் வைத்திருந்தார். அதை மீட்க அவருக்கு வேறு வழியில்லை.

அது எனக்கும் தெரியும். ஆனாலும் அவர்களுக்கு மட்டுமே என்று தனி உரிமம் தருவது ஆபத்து என்றேன். அந்த நிபந்தனையை எடுத்தார்கள். ஐந்தாண்டு அதிகம் என்றேன், மூன்றாக்கினார்கள். மூன்றாண்டில் என்ன செய்ய முடியும் என்றேன்.

"சாரு படிச்சவரு. வேணாம்னா அதுல இன்னாவோ இருக்கும்," என்று பாய் பேனாவை மூடிவிட்டார். விவசாயியும் தலையாட்டினார்.

பட்டறைக்காரர் என் வீட்டுக்கு வந்தார். நான் உள்ளறையில் தூங்குவதுபோல் படுத்திருந்தேன்.

"சார் சொன்னதெல்லாம் மாத்திக்கினுதாம்மா இருக்கேன். இன்னா தப்பு பண்ணேன்?"

"ஒப்பந்தமாவது ஒண்ணாவது. போட்டோவ சின்னதா போட்டுட்டியாம். அன்னிலேர்ந்து பொலம்பிக்கினு கீறாரு," என்றாள் என் மனைவி.

"ஃபிளெக்ஸ்காரன் பண்ண வேலைம்மா அது! இதுக்கா?"

"இதுக்குத்தான்."

மறுநாள் காலை எங்கள் தெருமுனையில் ஒரு பேனர் நின்றது. வீட்டுக் கூரை உயரத்தில் நான் மட்டும். பணி ஓய்வு நாளில் கழுத்தில் மாலையோடு எடுத்த படம். மேலே "அறிவுச் சுடரே!" என்று எழுதியிருந்தது. தனி ஆள், மாலை, பெரிய படம். ஊர் வேறென்ன நினைக்கும்?

முதலில் பாய் வந்தார். வாசலில் என்னைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"யா அல்லா! சார், இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"மால வாங்கிக்கினு வந்துட்டனே சார்."

தொலைபேசி அடித்தது. விவசாயிதான். நான் பேசுவதற்குள், "எத்தினி மணிக்கு எடுக்கறாங்க?" என்றார்.

நான் சிரித்திருக்கலாம். அன்று மாலையே பட்டறைக்காரர் தாளும் பேனாவுமாக வந்தார். "பேனர் எப்படி சார்? ஆசையா போட்டேன். நாளைக்கு கம்பெனி ஆளு போயிடுவாரு." என்னைச் சாகடித்துவிட்டுக் கையெழுத்து வேறு கேட்கிறாயா என்றேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். அதன்பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"சின்னதா போட்டாலும் கோவம், பெருசா போட்டாலும் கோவம். உங்க சைஸு இன்னான்னு சொல்லுங்க சார், அதையே போட்டுடறேன்."

நான் கதவைச் சாத்தினேன். கம்பெனி வேறொருவரின் இயந்திரத்தை எடுத்துக்கொண்டது. லேத்தை அடமானக்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

போன மாதம் நாங்கள் மூவரும் முழு உரிமையையும் அவர் பெயருக்கே எழுதிக் கையெழுத்திட்டோம். தாளை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பொறுமையாகப் படித்தார்.

"லேத்துதான் போயிடுச்சே சார். டீ குடிக்கிறீங்களா?"

டீயை அவரே போட்டுக் கொடுத்தார். அவர் மனைவி அடுக்களையிலிருந்து வெளியே வரவில்லை.