மச்சானின் அணுசக்திக் கப்பல்

என் அக்கா ஜஹீராவின் கணவர் நசீருதீன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். ஆறு மாதம் கடல், மூன்று மாதம் குரோம்பேட்டை. அந்த மூன்று மாதமும் ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கும் என் எலக்ட்ரிகல் கடைக்கு வந்து உட்கார்ந்து வியாபாரத்தைக் கெடுப்பார். ஃப்யூஸ் வயர் வாங்க வந்தவரை நிற்க வைத்து, அணுசக்தியில் ஓடும் சரக்குக் கப்பலைப் பற்றிச் சொல்லுவார். ஒருமுறை எரிபொருள் போட்டால் வருஷக்கணக்கில் ஓடும், புகை கிடையாது, கச்சா எண்ணெய் என்ன விலை விற்றாலும் கவலையில்லை. வந்தவர் வயரை மறந்துவிட்டுப் போய்விடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பக்கத்து ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் பொன்னுரங்கம் மட்டும் விடமாட்டார். "கப்பல் முழுகிப் பூட்ச்சின்னா இன்னா பண்ணுவ சார்? கொள்ளைக்காரன் புட்ச்சிகினு பூட்டான்னா?" என்று மடக்குவார். மூழ்கினாலும் அணு உலையைச் சுற்றியிருக்கும் எஃகுக் கவசம் தாங்கும் என்று மச்சான் படம் போட்டுக் காட்டுவார். கொள்ளைக்காரன் விஷயத்தில் கொஞ்சம் இழுப்பார். பொய் சொல்ல வராத மனுஷன். அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும்.

2008இல் எண்ணெய் விலை எகிறியபோது, அப்படி ஒரு கப்பலைக் கட்டப்போவதாகச் சொன்ன வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று இன்ஜினியர்களைத் தேடியது. மச்சான் விண்ணப்பித்தார். போனில் நேர்காணல் என்றதும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார்.

அவர் கப்பல் சென்னைக்கு வந்தால் அக்கா பாஸ் வாங்கி, இடியாப்பமும் கறிக்குழம்பும் எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போவாள். கப்பலிலேயே அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவாள். அவர் கடலில் இருக்கும் மாதங்களில் அவளுக்கு வாய்ப்பது அந்த ஒரு வேளைதான். நேர்காணலுக்கு முந்தைய நாள், லீவில் வீட்டில் இருந்த அவருக்குச் சோறு பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

"ஜப்பான்ல இப்படி ஒரு கப்பல்ல கசிவுன்னு மீனவங்க துறைமுகத்துக்குத் திரும்பவே விடலைன்னு நீங்கதானே சொன்னீங்க? உங்க கப்பலை நம்ம ஊருக்குள்ள விடுவாங்களாங்க?"

மறுநாள் நேர்காணல் நன்றாகவே போனது. ஏதாவது கேட்க வேண்டுமா என்று கடைசியில் கேட்டார்கள். எந்தெந்தத் துறைமுகங்கள் சம்மதித்திருக்கின்றன என்றார் மச்சான். இதுவரை எதுவும் இல்லை, அது இன்ஜினியர் கவலைப்பட வேண்டிய விஷயமும் இல்லை என்றார்கள். அவர் நன்றி சொல்லி, தன் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டு போனை வைத்தார்.

அக்கா சத்தம் போட்டாள். தான் ஏதோ ஒரு பேச்சுக்குக் கேட்டதற்காக, இத்தனை வருஷத்து ஆசையை விடுவார்களா என்று அழுதாள்.

"உலையைப் பத்தி யார் கேட்டாலும் எங்கிட்ட பதில் இருக்கு," என்றார் மச்சான். "நீ கேட்டதுக்கு இல்ல, ஜஹீரா."

அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இத்தனை நாளும் கிண்டல் செய்துகொண்டிருந்த எனக்கு, அந்தப் பாழாய்ப்போன கப்பலை உலகத்தில் எல்லாத் துறைமுகமும் வா என்று கூப்பிட வேண்டும் என்று அன்றைக்கு ஆசையாக இருந்தது.