இரண்டு என்ற எண்ணின் பொருள்

கேள்வி தொலைந்துபோனால் அதன் பதிலுக்கு என்ன பொருள்? ஃபர்ஹீனின் வேலை இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

பரங்கிப்பேட்டைக்காரரான அவர், சிதம்பரத்தில் ஒரு சிறிய சமூக ஆய்வு அலுவலகத்தில் கணக்கெடுப்புத் தரவுகளை ஒழுங்குபடுத்துகிறார். கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த இரு கணக்கெடுப்புகளை அங்கே ஒன்றாக்கியிருந்தார்கள். அறிக்கை பத்து நாளில் அச்சுக்குப் போக வேண்டும். அதன்படி பரங்கிப்பேட்டையில் இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள் கணவரைப் பிரிந்தவர்கள்.

"என்னம்மா, உங்க ஊர்ல பாதிப் பேரு புருஷன வுட்டுட்டாங்களா?" என்றார் அலுவலகத் தலைவர் தட்சிணாமூர்த்தி.

"சார், அவுங்க வூட்டுக்காரங்கல்லாம் சபர்ல இருக்காங்க. வெளிநாட்டுல வேல."

"அப்ப எங்க மாமாவையும் எழுதிக்கக்கா," என்றார் பக்கத்து மேசை அன்பரசு. "சிப்காட்ல ஷிப்ட்டு. அத்தைய ஞாயித்துக்கெழம மட்டுந்தான் பாக்குறாரு."

ஃபர்ஹீன் பழைய வினாத்தாள் கட்டுகளைப் பிரித்தார். அவற்றில் ஒவ்வொரு பதிலையும் ஓர் எண்ணாகவே குறித்திருந்தார்கள். பரங்கிப்பேட்டையில் 'இரண்டு' என்றால் கணவர் வெளியூரில். கடலூரில் அதே 'இரண்டு' பிரிந்தவர். எண்களை இணைத்தவர்கள் பொருளை இணைக்கவில்லை. அவர் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குறிப்பு எழுதினார்: எந்த ஆண்டு, யாரிடம், எந்தச் சொற்களில் கேட்டது, அந்த எண் அங்கே எதைக் குறித்தது. இதைப் பெரிய சாதனை என்று சொல்லத் தயங்குகிறேன். ஆனால் முகம் தெரியாத இருநூறு பேரின் வாழ்க்கை தவறாக எழுதப்படக் கூடாது என்று ஒருவர் எட்டு நாள் குனிந்து உட்கார்ந்திருந்ததை வேறு எப்படிச் சொல்வது?

பதினேழு வீடுகளின் வினாத்தாள்கள் மழையில் நனைந்து அழிந்திருந்தன. நேரில் போய் மறுபடி கேட்டார். பதினேழாவது அவருடைய வீடு.

"நானே கேட்டு நானே எழுதக் கூடாது. நீ கேளு," என்று உடன் வேலைசெய்யும் சுவேதாவிடம் தாளை நீட்டினார்.

ஃபர்ஹீனின் கணவர் சவூதியில், தம்மாமில் வேலை பார்ப்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். சுவேதா சிரித்துக்கொண்டே 'வெளியூர்' என்று எழுதப் போனாள்.

"கேக்காம எழுதாத."

"சரிக்கா. உங்க வூட்டுக்காரரு எங்க இருக்காரு?"

"ஒம்போதுன்னு போடு."

பதில் சொல்ல விருப்பமில்லை என்பதற்கான எண் அது. சுவேதா நிமிர்ந்து பார்த்தாள். அவள் எழுதி முடிக்கும்வரை ஃபர்ஹீன் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.